ஏழாம் பாகத்துத் தகப்பன்

கவாகுச்சி,
யப்பான்.
12.02.1989

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பொங்கல் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோருடைய சுகத்தையும் எழுதியிருந்தீர்கள், ஆட்டுக்குட்டியின் சுகம் உட்பட. அப்பாவைப் பற்றி மட்டும் வழக்கம்போல "அவர் இருக்கிறார்" என்று ஒரே வரி. இருக்கிறார் என்பது எனக்கும் தெரியும்.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். சேலை, சென்ற் என்று நினைத்து ஏமாற வேண்டாம். உள்ளே ஏழு வீடியோ கசெற் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு பாகம். பழைய யப்பான் நாடகம், 1974இல் இங்கே ரி.வி.யில் போனது. வார்ப்புப் பட்டறையில் என்னோடு வேலை செய்கிற முப்பது பேரிடமும் கேட்டுவிட்டேன், ஒருவருக்கும் இதன் பெயர்கூட ஞாபகம் இல்லை. ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் கசெற் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றை மூடினார்கள். வாசலில் வைத்திருந்த பெட்டிக்குள் இதில் இரண்டு கசெற் கிடந்தது. மற்ற ஐந்தையும் தேட எனக்கு நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போனது. பழைய கசெற் விற்கும் கடைக்காரி ஒருத்தி என்னைப் பைத்தியம் என்றே முடிவுகட்டிவிட்டாள்.

நாடகத்தின் பெயர் "கூரைமேல் வகுப்பு". அடங்காத மாணவர்களின் கதை. தங்களுக்குப் பிடித்த இலக்கிய ஆசிரியரை நிர்வாகம் அனுப்பிவிடுகிறது. சிஞ்சி என்ற பொடியன் பள்ளிக்கூடக் கேற்றுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு மொட்டைமாடியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். அக்கா, அந்தச் சங்கிலியைப் பார்த்ததும் கசெற்றை நிறுத்தி, அந்த இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. 84இல் எங்கள் கணக்கு வாத்தியாரை மாற்றவேண்டாம் என்று நாங்கள் மூன்று நாள் கேற்றைப் பூட்டினோம். ஏழு பேரை விலக்கினார்கள். அறிவித்தல் பலகையில் முதல் பெயர் என்னுடையது. எழுதிய கை பள்ளிக்கூட உப அதிபருடையது, அதாவது எங்கள் அப்பாவுடையது. அதற்குப் பிறகு ஐந்து வருடமாக அந்தக் கை எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அப்பாவை இருத்தி இதைப் பார்க்கவையுங்கள். பார்த்துவிட்டு அவர் எனக்கு ஒரு வரி எழுதவேண்டும். நல்லதோ கெட்டதோ, அவருடைய கையால்.

ஒவ்வொரு பாகத்தின் கதையையும் தமிழில் எழுதித் தனித்தனியாக அனுப்புகிறேன். ஐந்தாம், ஆறாம் பாகங்கள் இல்லை. யாரோ புண்ணியவான் அவற்றின்மேல் பேஸ்போல் ஆட்டத்தைப் பதிவுசெய்திருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
கதிரவேலு


கோப்பாய் தெற்கு.
23.04.1989

அன்புள்ள தம்பி கதிரவேலுவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. உன்னுடைய கதை விளக்கக் கடிதம் ஒன்றுகூட வரவில்லை.

அதைவிடப் பெரிய கரைச்சலைக் கேள். சந்தியில் தேவராசாவிடம் ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்தேன். ஞாயிறு பின்னேரம், கரண்ட் வந்த புண்ணிய நேரம் பார்த்துக் கசெற்றைப் போட்டால் படம் கீழிருந்து மேலே உருளுகிறது. மனிதர்களின் கால் மேலே, தலை கீழே. சத்தம் தகரத்தை இழுப்பதுபோல. தேவராசா டெக்கைத் தட்டினான், ஊதினான், துணியால் துடைத்தான், கடைசியில் "ரீச்சர், உங்கடை தம்பி பழுதான சாமானை உங்கடை தலையிலை கட்டிப்போட்டார்" என்றான். பார்க்க வந்திருந்த பாலேஸ்வரி மாமி வீட்டுச் சனம் என்னையே குற்றவாளிபோலப் பார்த்துவிட்டுப் போனது.

யப்பான் கசெற்றின் முறை வேறு, எங்கள் டெக்கில் ஓடாது என்பதை யாகோப்பு வந்துதான் சொன்னார். யாகோப்பை உனக்குத் தெரியாது. குருநகர் ஆள், சவூதியில் எட்டு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர், என்னோடு படிப்பிக்கும் ரீச்சரின் அண்ணை. எல்லா நாட்டுக் கசெற்றும் ஓடும் டெக் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். அதைச் சாரத் துணியில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, பிள்ளையைக் கொண்டுவருவதுபோல உருட்டிக்கொண்டு வந்தார். ஒரே நிபந்தனை, தானும் இருந்து பார்ப்பாராம். அங்கே இருந்து இவ்வளவையும் அனுப்பிய உனக்கு இந்த ஒரு விஷயத்தை விசாரித்திருக்கத் தெரியாதா?

அப்பாவைக் கூப்பிட்டேன். கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுப் பேப்பர் வாசித்தார். நாலு பக்கப் பேப்பரை ஒருவர் ஒரு மணித்தியாலம் வாசிக்கலாம் என்று அன்றுதான் கண்டேன்.

அன்புடன்,
அக்கா,
குணலட்சுமி


கவாகுச்சி.
14.05.1989

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பக்கம் டெக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அனுப்பியது டெக் பழுதுபார்ப்பதற்கா?

அப்பா பார்த்தாரா, இல்லையா? சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாலும் காது அடைத்திருக்காதே. ஒரு வார்த்தையும் சொல்லவில்லையா? ஏழாம் பாகத்துக்கு வந்துவிட்டீர்களா? ஏழாம் பாகத்தை அவர் கட்டாயம் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் தேடினேன்.

கதை விளக்கங்களை மறுபடி எழுதி அனுப்புகிறேன். பகலெல்லாம் உருக்கிய இரும்போடு நின்றுவிட்டு வந்து, அகராதியும் கையுமாக இருந்து எழுதியவை. தொலைந்தது என்று கேட்கவே வயிறு எரிகிறது.

தம்பி,
கதிரவேலு


கோப்பாய் தெற்கு.
30.07.1989

அன்புள்ள தம்பி,

கோபத்தைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டு வாசி. இந்தமுறை சொல்ல விஷயம் இருக்கிறது.

நீ இரண்டாம் தரம் அனுப்பியவற்றில் இரண்டு விளக்கம் வந்தது. பத்தாம் பாகத்துக்கும் பதினோராம் பாகத்துக்கும். முதலாம் பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் அதை வைத்து என்ன செய்ய? எல்லோரும் "ரீச்சர், என்ன சொல்லுறான்?", "ரீச்சர், அவள் ஏன் அழுறாள்?" என்று என் வாயையே பார்த்தார்கள். பார்த்தேன், ரி.வி.க்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு நானே கதை சொல்லத் தொடங்கிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான். சனம் இருபது, இருபத்தைந்து பேர் வருகிறது.

நாடகத்தில் பெண்பிள்ளைகள் கணுக்கால் வரை பாவாடை கட்டிக்கொண்டு வருகிறார்களே, பாலேஸ்வரி மாமிக்கு அவர்களை நன்றாகப் பிடித்துப்போயிற்று. "எவ்வளவு அடக்கமான பிள்ளையள், எங்கடையளும் இருக்குதுகளே" என்று தன் மகளைப் பார்த்து ஒரு பாட்டம். அடுத்த காட்சியில் அந்த அடக்கமான பிள்ளை சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஒருத்திக்குச் சங்கிலியால் விளாசினாள். யாகோப்பு சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. மாமி எழும்பிப் போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து இருந்துவிட்டா.

அப்பாவின் கதிரை மூன்றாம் பாகத்தில் பக்கவாட்டில் திரும்பியது. நாலாம் பாகத்தில் ரி.வி.யைப் பார்த்துத் திரும்பியது. நான் கண்டும் காணாததுபோல இருந்தேன்.

போன ஞாயிறு ஏழாம் பாகம் போட்டோம். ஐந்தும் ஆறும் இல்லாததால் கதை எங்கேயோ தாண்டி நிற்கிறது. சிஞ்சி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். தகப்பன் ஒன்றும் பேசாமல் நிற்கிறார். பிள்ளை படியிறங்கிப் போனபிறகு அந்த மனிதர் குசினிக்குள் போய் உப்புப் பாத்திரத்தை எடுத்துவந்து, ஒரு கை அள்ளி, அவன் போன திசையைப் பார்த்து வாசலில் எறிகிறார். நாங்கள் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவோம், அவர்களுக்கு உப்பு மட்டும்தான் போல. "பிள்ளைக்கு நாவூறு கழிக்கிறார். போற வழியிலை ஒரு கண்ணும் படக்கூடாதெண்டு" என்று சொன்னேன். தாயில்லாத வீடு அது. எங்கள் வீட்டில் அம்மா செய்ததை அங்கே தகப்பன் செய்கிறார்.

எல்லோரும் போனபிறகு அப்பா எழும்பவில்லை. "அந்த மனுசன் வாயாலை ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. எண்டாலும் செய்யவேண்டியதைச் செய்துபோட்டார். எனக்கு உது தெரியாமல் போச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அப்பாவை அப்படிக் கண்டது அம்மாவின் செத்தவீட்டில்தான்.

தம்பி, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒரு சின்ன அசைவு. அவசரப்படாதே.

அன்புடன்,
அக்கா


கவாகுச்சி.
27.08.1989

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் ஆத்திரம்தான் வந்தது.

அது நாவூறு அல்ல. இந்த ஊரில் வேண்டாத ஒருவன் வீட்டைவிட்டு வெளியே போனால், அவன் பின்னால் உப்பை எறிவார்கள். தரித்திரம் போய்த் தொலையட்டும், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அர்த்தம். அந்தத் தகப்பன் பெற்ற பிள்ளையைப் பீடையைத் துரத்துவதுபோலத் துரத்துகிறார். ஆறாம் பாகத்தில் அவரே பள்ளிக்கூடத்துக்குப் போய் "இவனை முதலில் விலக்குங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறார். அந்தப் பாகம் அழிந்துபோனாலும் அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு பேச்சிலும் அது இருக்கிறது.

நீங்கள் அதை எடுத்து அன்பான தகப்பன் கதையாக்கி, இருபத்தைந்து பேருக்கு முன்னால் சொல்லி, அப்பாவும் அதைக் கேட்டுக் கண்கலங்கி... என்ன அநியாயம் இது! அவரை நல்லவராக்கிக் காட்டுவதற்கா நான் நாலு மாதம் கடை கடையாக அலைந்தேன்? அவர் தன்னைப் பார்க்கவேண்டும், பார்த்து வெட்கப்படவேண்டும் என்றுதான் அனுப்பினேன். இப்போது அவர் அந்த மனிதனைப் பார்த்து "செய்யவேண்டியதைச் செய்தார்" என்கிறார். ஓம், அப்படித்தான் 84இலும் சொன்னார்.

அப்பாவுக்குச் சரியான கதையைச் சொல்லுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

கதிரவேலு


கோப்பாய் தெற்கு.
01.10.1989

கதிரவேலுவுக்கு,

வாசித்துக் காட்டவேண்டிய வேலை எனக்கு இருக்கவில்லை. அவரே வாசித்துவிட்டார்.

போன முறை நான் கடிதம் போட்டபிறகு நடந்ததைக் கேள். ஏழாம் பாகம் பார்த்து இரண்டு கிழமையில் அப்பா என்னிடம் ஏரோகிராம் ஒன்று வாங்கிவரச் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார் என்று பயம். பிறகு இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் இருந்து எழுதுவார், வெட்டுவார், தனக்குத்தானே வாசிப்பார். ஆவணி முழுக்க இதுதான். கடைசியில் ஒருநாள் மடித்து ஒட்டி, உன்னுடைய விலாசத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். "நாளைக்குப் பள்ளிக்குப் போகேக்கை தபாற்கந்தோரிலை போட்டுவிடு" என்றார்.

மறுநாள் காலை எனக்குப் பிந்திவிட்டது. பின்னேரம் போடலாம் என்று மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். என் பிழை, அதையும் எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குத் தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறார். ஐந்து வருடத்தில் யப்பானிலிருந்து வந்த ஒரு கடிதத்தையும் அப்பா கையால் தொட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் தரம் தானே உடைத்தார். ஏன் உடைத்தார் தெரியுமா? நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அறிய அவருக்கு ஆசையாக இருந்தது. நீ எழுதியிருந்தது அதுதான்.

நான் வீட்டுக்கு வந்தபோது உன் கடிதம் விரித்தபடி மேசையில் கிடந்தது. அவருடைய கடிதம் இல்லை. "குணலட்சுமி, கதையை நீ எனக்குப் பிழையாச் சொல்லிப்போட்டாய்" என்றார். நான் வாய் திறக்கமுதல், "நீ என்ன செய்வாய். நல்லா இருக்கட்டும் எண்டுதானே சொன்னனி" என்றார். அதற்குப் பிறகு என்னோடும் பேச்சுக் குறைந்துவிட்டது. எட்டாம் பாகத்துக்கு டெக்கைக் கொண்டுவந்த யாகோப்பை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினார்.

நான் பொய் சொன்னதாக எழுதுகிறாய். எனக்கு யப்பான் பாஷை தெரியாது, இரண்டு பாகம் இல்லை, நீ அனுப்பிய விளக்கமும் இல்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குப் பின்னால் உப்பை எடுத்தால் அது நாவூறுக்குத்தான் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குக் கனவிலும் வராது. உனக்குச் சரியான கதைதான் முக்கியம். கிடைத்துவிட்டது, வைத்துக்கொள்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று எனக்கு அலுத்துவிட்டது. நீயும் அவரும் ஒரே அச்சு. இனி எனக்குக் கசெற் அனுப்பவேண்டாம்.

குணலட்சுமி


கவாகுச்சி.
14.01.1990

அன்புள்ள அக்காவுக்கு,

இது நாலாவது கடிதம். மூன்றுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தொலைந்ததா, நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களா என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய தண்டனை. திட்டியாவது எழுதுங்கள்.

நான் கேட்டது ஒரு வரி. அந்த வரி ஒட்டி, விலாசம் எழுதி, மேசை வரைக்கும் வந்திருக்கிறது. அதை நானே மறித்துவிட்டேன். பட்டறையில் வேலை நடக்கும்போதுகூட இதே நினைப்புத்தான். மேற்பார்வையாளர் போன கிழமை இரண்டு தரம் சத்தம் போட்டார்.

அக்கா, அப்பாவின் மேசை லாச்சியை இழுத்துப் பாருங்கள். அலுமாரியில் பழைய பாடப் புத்தகங்களுக்குள் பாருங்கள். கிழித்திருந்தால் துண்டுகளையாவது அனுப்புங்கள். வெட்டி எறிந்த முதல் ஏரோகிராமாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் எனக்கு என்ன எழுதினார் என்று தெரியாமல் என்னால் இருக்கமுடியவில்லை.

அவர் வெட்கப்படவேண்டும் என்று எழுதினேன். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை அவர் வாசிப்பார் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னவனும் நான்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
கதிரவேலு


கோப்பாய் தெற்கு.
20.05.1990

மகன் கதிரவேலுவுக்கு,

உன் அக்கா என்னை எழுதச் சொல்லவில்லை. அவள் உன்மேலும் என்மேலும் கோபமாக இருக்கிறாள். சரியான கோபம்தான். உன்னுடைய தைமாதக் கடிதத்தையும் நான் வாசித்தேன். என் லாச்சியைத் தேடச் சொல்லியிருக்கிறாய். தேடத் தேவையில்லை. அந்தக் கடிதத்தை நான் கிழித்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திய எனக்கு, இந்த ஒரு பக்கத்தை எழுத எட்டு மாதம் பிடித்தது. உன் கையெழுத்து முன்னையைவிட மோசமாக இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

நீ எழுதியது சரி. அந்த மனிதன் உப்பெறிந்தது துரத்துவதற்குத்தான். அக்கா சொன்னது கேட்க நன்றாக இருந்ததால் நம்பினேன். உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அக்காவுக்கும் தெரியாது, உன் அம்மா இருந்திருந்தால் அவளிடமும் சொல்லியிருக்கமாட்டேன்.

84இல் அதிபர் எழுதித் தந்த பட்டியலில் ஆறு பெயர்தான் இருந்தது. உன் பெயர் இல்லை. உப அதிபரின் மகன் என்று அவர் விட்டிருந்தார். ஏழாவதைச் சேர்த்தவன் நான். சேர்த்ததோடு நிற்காமல் முதலாவதாகவும் போட்டேன். நியாயம் என்று எல்லோருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். நியாயம் இல்லை. ஆசிரியர் அறையில் ஒருவர் என்னைப் பார்த்து, தன் பிள்ளையை மறைத்துவிட்டான் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஒரு சொல்லுக்குப் பயந்து பெற்ற பிள்ளையின் படிப்பைக் கெடுத்தேன்.

கிழித்த கடிதத்தில் இதொன்றும் இல்லை. அதில் உன்னை நான் மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தேன். நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதியிருந்தேன். அது உனக்குக் கிடைத்திருந்தால் நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய், நானும் அந்தப் பெருமையோடு செத்திருப்பேன். உன் கடிதம் வந்ததும் அதை அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான். கேட்கிறேன்.

இதை வாசித்தபிறகு என்மேல் உனக்குக் கோபம் கூடலாம். கூடினாலும் நேரில் வந்து கோபப்படு. ஆனி மாதம் வா. இந்திய ஆமியும் போய்விட்டது, இனிச் சண்டை இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து யாழ்தேவி ஒழுங்காக ஓடுகிறது. எந்த நாள் என்று தந்தி அடி, யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் நான் நிற்பேன்.

அப்பா